சிமென்ட் கலக்கும் முன்

தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்ட முதியவருக்குப் பெரும்பாலும் முறிந்த எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பின் தலைப்பகுதியை அகற்றி, அந்த இடத்தில் தண்டுடன் கூடிய உலோகத் தலையை வைக்கிறார்கள். இது பாதி மூட்டு மாற்று. தண்டு எலும்பின் உள்குழியில் அசையாமல் நிற்க இரண்டு வழிகள் உண்டு: சிமென்ட் வைப்பது, சிமென்ட் இல்லாமல் இறுக அடித்துப் பொருத்துவது.

எலும்புச் சிமென்ட் ஒருவகை அக்ரிலிக். தூளும் திரவமும் கலந்த சில நிமிடங்களில் இறுகிவிடும். உள்குழியில் ஏற்கெனவே மஜ்ஜையும் கொழுப்பும் இருக்கின்றன. சிமென்டை அழுத்தி நிரப்பி, தண்டைச் செருகும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கொழுப்பும் மஜ்ஜையும் சிரைகள் வழியே நுரையீரலுக்குச் செல்கின்றன. நுரையீரல் இரத்தக் குழாய்களில் தடை ஏற்படுகிறது. இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் சரிகின்றன. இதை எலும்புச் சிமென்ட் நோய்க்குறித்தொகுப்பு என்கிறார்கள். இதில் மூன்று நிலைகள். மூன்றாம் நிலையில் இதய இயக்க மீட்புச் சிகிச்சை தேவைப்படும்.

2014இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று, சிமென்ட் வைத்துப் பாதி மூட்டு மாற்று செய்துகொண்ட 1,016 பேரின் மயக்க மருந்துப் பதிவேடுகளைப் பரிசோதித்தது. 28 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு நிலை ஏற்பட்டிருந்தது. மூன்றாம் நிலையை அடைந்தவர்கள் 17 பேர். அவர்களில் 15 பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளிலிருந்து 2005 முதல் 2012 வரை, சிமென்டுடன் தொடர்புடைய மரணம் அல்லது கடும் பாதிப்பு என 62 அறிக்கைகள் வந்தன. 41 பேர் இறந்திருந்தனர். 62இல் 55 சம்பவங்களில், சிமென்ட் வைக்கும்போதோ அடுத்த சில நிமிடங்களிலோ நோயாளியின் நிலை சரிந்தது. கணக்கிட்டால் 2,900 பாதி மூட்டு மாற்றுகளுக்கு ஒரு சம்பவம். சுவீடனில் மூன்றாம் நிலை மட்டும் ஏறக்குறைய 60 பேரில் ஒருவருக்கு. சுவீடன் ஆய்வு பதிவேடுகளைத் தேடி எண்ணியது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கு மருத்துவமனைகள் அனுப்பியவற்றை மட்டும் எண்ணியது.

சிமென்டைத் தவிர்த்தால் ஆபத்து நீங்குவதில்லை. 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 60 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய 1,225 பேர் கலந்துகொண்டனர். 12 மாதத்துக்குள் சிமென்ட் வைத்தவர்களில் 23.9 சதவீதமும், வைக்காதவர்களில் 27.8 சதவீதமும் இறந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிவது சிமென்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதம், வைக்காதவர்களில் 2.1 சதவீதம். அப்படி முறிந்தால் பலருக்கு இன்னொரு பெரிய அறுவை.

சிமென்ட் வைக்கும்போது கடும் நிலைக்குப் போகும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதும் தெரியும்: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்கள், சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள், ஏற்கெனவே கடும் உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள். இந்த விவரங்கள் அறுவைக்கு முன்பே நோயாளியின் கோப்பில் இருக்கும்.

2015இல் பிரிட்டனின் மயக்கவியல், எலும்பியல், முதியோர் மருத்துவச் சங்கங்கள் வழிமுறை வெளியிட்டன. உள்குழியைக் கழுவி உலர்த்த வேண்டும். சிமென்டைக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவருக்கு மிகை அழுத்தம் கூடாது. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தயாராக இருக்க வேண்டும். சிமென்ட் வைக்கப்போவதை அறுவை மருத்துவர் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மயக்க மருத்துவர் அதைக் கேட்டுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும்.

கலந்த சிமென்ட் காத்திருக்காது. இவற்றுக்குத் தயாராகும் நேரம் கலப்பதற்கு முன்புதான் இருக்கிறது.