மெனிபோல்ட் ஸ்டட்: செங்கலடியில் அன்றும் இன்றும்

பேராதனையில் புறப்படும் ஏ5 வீதி நுவரெலியா, பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா எல்லாம் தாண்டிக் கரடியனாறு வழியாக வந்து, செங்கலடிச் சந்தியில் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோடு சேருகிறது. வயல்வெளிச் சமதரையில் ஓடிப் பழகிய பழைய கார் ஒன்று பதுளைப் பக்கம் ஏறி இறங்கி வந்தால், அடுத்த நாள் காலையில் அது தன் குறையைச் சொல்லும். ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்ஜின் பக்கமாக ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடேறியதும் அடங்கிவிடும். டப்பட் சத்தம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டைப் பிடித்திருக்கும் கடைசி போல்ட் (அல்லது ஸ்டட்) முறிந்து, அந்த இடைவெளியால் புகை வெளியே அடிக்கும் சத்தம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடுவதால்தான் பிறகு கேட்பதில்லை.

ஏன் கடைசி போல்ட்? வார்ப்பிரும்பு மெனிபோல்ட் 45 சென்ரிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் அதன் வெப்பம் 500 பாகை கூடினால், நீளம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் கூடும். அது பிடித்திருக்கும் எஞ்ஜின் ஹெட்டோ தண்ணீரால் குளிர்த்தப்படுவது. அலுமினியமாக இருந்தாலும் ஒரு மில்லிமீற்றர்கூட விரியாது. இந்த இழுபறி முழுவதையும் இரு அந்தத்திலும் உள்ள போல்ட்கள்தான் தாங்குகின்றன. ஆண்டுக்கணக்காக இப்படி இழுபட்டு, உப்புக்காற்றில் துருவும் பிடித்துப்போனால், ஒரு நாள் தானாக முறியும். அல்லது நாம் ஸ்பானர் போட்ட அன்று முறியும்.

அன்றைக்கு இந்தப் பக்கத்தில் ஓடிய ஹயரிங் கார்கள் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும். ஹெட்டும் இரும்பு, மெனிபோல்ட்டும் இரும்பு. ஸ்டட்டில் பித்தளை நட் போட்டிருப்பார்கள். பித்தளை துருப்பிடித்து இறுகாது. மிஞ்சிப்போனால் நட்டின் புரிதான் அழியும், ஸ்டட் தப்பிவிடும். அந்த எஞ்ஜின்களில் இன்னொரு விசேஷமும் இருந்தது. காற்று உள்ளே போகும் மெனிபோல்ட்டும் புகை வெளியே வரும் மெனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில், ஒன்றை ஒன்று தொட்டபடி இருக்கும். புகையின் சூடு உள்ளே போகும் பெற்றோலை ஆவியாக்க உதவும்.

இந்த அமைப்பின் அருமை 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் துளித்துளியாகத்தான் கிடைத்தது. நாலைந்து சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மெனிபோல்ட் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. பக்கத்து மெனிபோல்ட்டின் சூடுதான் அதை எரியவைத்தது. ஸ்டட் முறிந்து புகை வெளியேறும் காரில் அந்தச் சூடு சேரவும் நேரம் பிடிக்கும். அப்போது ஒரு ஸ்டட் முறிவது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. இங்கேயும் நிலைமை இறுக்கம்தான். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் கறுத்தப்பாலம் தாண்டினால் அங்கால் படுவான்கரை, அப்போது அது புலிகளின் ஆட்சி. எரிபொருளும் பற்றரியும் சோதனைச் சாவடியில் மறிபடும் பொருட்கள். புது ஸ்டட் கொழும்பிலிருந்து வரும் என்று காத்திருக்க யாராலும் முடியாது. இதே நாட்டில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை அந்தக் காலத்தில்தான் இயங்கியது என்பதை நினைக்க மனம் கசக்கிறது.

ஆகவே முறியாமல் கழற்றுவதே அன்றைய தொழில். கராஜின் மூத்த தொழிலாளி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் நாள் பின்னேரமே கம்பித் தூரிகையால் புரியைத் துடைத்து, மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றிவிட்டுப் போய்விடுவார். காலையில் வந்ததும் ஸ்டட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகச் சில தட்டு; அந்த அதிர்வில் துரு வெடிக்கும். பிறகு காஸ் விளக்கால் நட்டைச் சுற்றிச் சூடாக்கி, விளக்கை எடுத்துவிட்டு, மெழுகுதிரியை அதில் தொடுவார். உருகிய மெழுகு, சூட்டில் திறந்த புரிக்குள் தானாக இழுபட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் ஸ்பானர். கால் சுற்றுக் கழற்றி, அரைக்கால் சுற்றுத் திரும்ப இறுக்கி, மறுகா கழற்றி. பெடியன் ஒருவன் அவசரப்பட்டு ஸ்பானருக்குப் பைப் போட்டு நீட்டப் பார்த்தபோது கையைப் பிடித்துவிட்டார்.

“பைப்ப எடு மனே. இறுகிக் கிடக்கிறது வேற, இழுபடுறது வேற. றப்பர் மாதிரி இழுபட்டா உடன நிப்பாட்டு. அதுக்குப் பிறகு ஒரு இழுவ இழுத்தா முறிஞ்சிரும்.”

அவர் சொன்னது உலோகவியல். முறிவதற்கு முன் உருக்கு நீளத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்பானரின் எதிர்ப்பு கூடுவது நின்றுபோகும். அதை எந்தப் புத்தகத்திலும் வாசிக்கலாம். கைக்கு அது பிடிபட, நிறைய போல்ட்களை முறிக்காமல் விட்ட ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

2007இல் கிழக்கிலும் 2009இல் முழு நாட்டிலும் யுத்தம் முடிந்த பிறகு, செங்கலடியில் நிற்கும் வாகனங்கள் மாறின. ஜப்பான் கார்கள், வான்கள், டிமோ பட்டா. கார்களில் பெரும்பாலும் அலுமினிய ஹெட். அலுமினியத்துக்குள் உருக்கு போல்ட் வருடக்கணக்கில் இருந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். முறிந்தாலோ ஹெட்டின் முகத்தோடு மட்டமாக முறியும், பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு கேடும் சேர்ந்தது. வெளியே அடிக்கும் துவாரம், புகையின் துடிப்புக்கு இடையில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒட்சிசன் சென்சர் அதைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று கணக்கிட, கொம்பியூட்டர் கூடுதலாகப் பெற்றோலை விடும். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் இது சிக்கலாக வந்து நிற்கும். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு காருக்குள் வந்தால் மணமே இல்லாமல் ஆளை மயக்கும். இதைச் சத்தம்தானே என்று விடக்கூடாது.

கருவிகள் இன்று தாராளம். முறிந்த முனையில் நட் ஒன்றை வைத்து உள்ளே வெல்டிங் பிடித்து, அந்தச் சூட்டோடு ஸ்பானர் போட்டுக் கழற்றும் முறை அலுமினிய ஹெட்டுக்கு மிகப் பொருத்தம். வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. இடப்பக்கம் சுற்றும் துளைக்கூரும் கிடைக்கிறது. துளைக்கும்போதே போல்ட் கழன்று வருவதும் உண்டு. அதுவும் சரிவராவிட்டால் சரியாக நடுவில் துளைத்துப் புதிய புரி வெட்டி ஹெலிகொயில் என்னும் கம்பிச்சுருள் புரி போடலாம். எட்டு மில்லிமீற்றர் போல்ட்டில் அந்த ‘சரியாக நடுவில்’ என்பதுதான் முழு வேலையும். அரை மில்லிமீற்றர் விலகினால் துளைக்கூர் மென்மையான அலுமினியத்துக்குள் சாய்ந்துவிடும். துளைக்குள் ‘ஈசி அவுட்’ என்னும் கழற்றியைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகி அது உள்ளேயே முறிந்தால், அந்தக் கடின உருக்கைச் சாதாரணத் துளைக்கூர் தொடவும் மாட்டாது. அப்போது ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டும்.

கருவி வந்த வேகத்தில் நேரம் போய்விட்டது. காலையில் கொண்டுவந்து மத்தியானம் கேட்கிறோம். ஒரு இரவு ஊற வைக்க வேண்டிய போல்ட், ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடத்தில் முறிகிறது. இறக்குமதி தாராளமாக இருந்த காலத்தில், பழைய ஹெட் ஒன்று வாங்கி மாற்றுவது சுலபம் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். இருக்கிற காரைக் காப்பாற்றினால்தான் கார் என்ற நிலை திரும்பியது. 2025இல் இறக்குமதி திறந்தும், வரியோடு சேர்ந்த விலை செங்கலடியில் எத்தனை பேருக்குக் கட்டுப்படும்? இருபது, இருபத்தைந்து வயதுக் கார்களை இன்னும் பல வருடம் ஓட்டத்தான் போகிறோம்.

இறுகிய போல்ட்டை முறியாமல் கழற்றத் தெரிந்த கைகளோ குறைகின்றன. தொழில் பழகிய பெடியன்கள் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாஸ்மாருக்குச் சான்றிதழ் இல்லை என்பதால் தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பிக்க அழைப்பதில்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, பள்ளிக்கூடம் போகாமல் கற்ற தொழிலையும் பரீட்சித்து என்விகியூ சான்றிதழ் கொடுக்கிறது. செங்கலடி கராஜ்களில் தலை நரைத்த ஒவ்வொருவரிடமும் அந்தப் படிவம் போய்ச் சேர வேண்டும், அவர்கள் பக்கத்தில் இரண்டு பெடியன்களை நிறுத்த வேண்டும். இது பிரதேச சபை நினைத்தாலே முடியக்கூடிய காரியம்.

கார்காரர் செய்யக்கூடியதும் உண்டு. ‘டிக் டிக்’ கேட்ட வாரத்திலேயே காரை முதல் நாள் பின்னேரம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். புது ஸ்டட் போடும்போது பழைய கஸ்கெட்டைத் திரும்பப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள்; புரியில் செப்புக் கிறீஸ் பூசச் சொல்லுங்கள்; நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்கச் சொல்லுங்கள். பில் வரும்போது, ஊற வைத்த இரவுக்கும் பாஸ் ஒரு தொகை போட்டிருந்தால் அதில் பேரம் பேசாதீர்கள்.