கப்பல் வராத நாளுக்கும் சேர்த்து

வர்தா புயலை அயனம்பாக்கத்தில் யாரும் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். 2016 டிசம்பர் 12. மரங்கள் வேரோடு சாய்ந்து, கம்பங்கள் வளைந்து, பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதே புயல், சென்னையைத் தொடுவதற்கு நாலைந்து நாள் முன்னால், அந்தமான் பக்கத்தில் தாழ்வு மண்டலமாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு சின்னத் தீவுகளில் சுமார் 1,400 சுற்றுலாப் பயணிகள் அப்போது மாட்டிக்கொண்டார்கள். படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

தீவுக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த 1,400 பேர்தான். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் கையிருப்பில் இருந்த மாத்திரையையும் பணத்தையும் மட்டும் நம்பிக் காத்திருந்த நாட்கள் அவை. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது எதையாவது மறந்துவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பஸ் ஓடாவிட்டால் கார் பிடிக்கலாம். தீவில் கடல் விட்டால்தான் எதுவும்.

நம் பக்கத்திலிருந்து அந்தமானுக்குப் போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. ஆவடியில் எச்.வி.எஃப்., சி.வி.ஆர்.டி.இ. என்று மத்திய அரசு சார்ந்த வேலைகள் நிறைய. மத்திய அரசு ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்வரத் தரும் எல்.டி.சி. பயணப்படியை மாற்றிக்கொண்டு அந்தமானுக்கு விமானத்தில் போய்வரச் சலுகை உண்டு என்பதால், பள்ளி விடுமுறை வந்தாலே அம்பத்தூர், அயனம்பாக்கம், திருவேற்காடு வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். மீனம்பாக்கத்திலிருந்து இரண்டே கால் மணி நேரம்தான் விமானம். இந்தச் சுலபம்தான் ஏமாற்றுகிறது. கடல் வழியில் சுமார் 1,190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர் அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்று நாள் ஆகும். அங்கே கடையில் தொங்கும் சோப்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் மருந்தும் பெரும்பாலும் அப்படிக் கடல் கடந்து வந்தவைதான்.

போர்ட் பிளேர் பெரிய ஊர். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கே எதுவும் கிடைக்கும். நான் சொல்ல வருவது அதற்கு அப்பால் போகிறவர்களுக்கு: ஸ்வராஜ் தீவு என்று இப்போது அழைக்கப்படும் ஹேவ்லாக், ஷஹீத் தீவான நீல், முக்கியமாகத் தெற்கே லிட்டில் அந்தமான். லிட்டில் அந்தமானின் ஹட் பே துறைக்கு அரசுக் கப்பலில் போக அநேகமாக ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். நல்ல அருவி, நீண்ட கடற்கரை, கூட்டமே இல்லை. திரும்பி வரும் கப்பல் எந்த நாள் என்பது வானிலையைப் பொறுத்தது. டிக்கெட்டிலும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போக அந்தக் கப்பல்தான் இருக்கிறது என்பதால் அது நியாயமும்கூட.

ஆகவே முதலில் எடுத்துவைக்க வேண்டியது இரண்டு உபரி நாள். தீவிலிருந்து திரும்பும் நாளன்றே சென்னைக்கு விமானம் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசி இரவு போர்ட் பிளேரில் இருப்பது போலத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது மருந்துப் பை. இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டிய யாராவது ஒருவருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறது. ஐந்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் மாத்திரை எடுங்கள். அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் பையில் வையுங்கள்; ஒரு பை நனைந்தாலும் தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். உப்புக் காற்றின் ஈரம் மாத்திரையைச் சீக்கிரம் பிசுபிசுக்க வைக்கும். அட்டையில் பெயரும் அளவும் இருந்தால் அங்குள்ள டாக்டருக்கும் புரியும். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று அதே பையில். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்துபோனால் மருந்து வீண். திறந்து பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில்தான் வருகிறது. லாட்ஜில் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. குளிர்ச்சி காக்கும் சின்னப் பை ஒன்று அவசியம்.

கப்பலில் வாந்தி வருகிறவர்களுக்கு டாக்டரிடம் கேட்டு ஒரு மாத்திரை. அதைத் தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே எலுமிச்சம்பழம் இரண்டு, ஒரு பொட்டலம் இஞ்சி மரப்பா. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. காலில் வெட்டுக்காயம் பட்டால் உடனே கழுவி மருந்து போடப் பஞ்சு, பிளாஸ்திரி. காய்ந்த பவளம் பிளேடு போல் கிழிக்கும். எண்பதுகளின் கடைசியில் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று பேர் வைத்துப் பயந்தது பிற்பாடு லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரில் புண்ணோடு நடந்தால் அது தொற்றும். வெறுங்காலோடு அருவிப் பாதையில் போகக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். பின்வார் வைத்த ரப்பர் செருப்புதான் அங்கே சரி. ஷூ நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி. சென்னையைப் போல் இரண்டு மடங்கு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் அதற்குண்டு.

துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் பெட்டியை நிரப்பிவிடுகிறார்கள். புகைப்படத்துக்கென்று நாளைக்கு இரண்டு செட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரோடு, கரூர்ப் பக்கம் நெய்கிற ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூத்துவாலை ஒரு நாள் முழுக்கக் காயாமல் நாற்றமடிக்கும் காற்றில் இது அரை மணி நேரத்தில் உலரும். தலைக்கு முண்டாசாகும், கப்பல் பங்க்கில் விரிப்பாகும், குழந்தை தூங்கினால் போர்வையாகும், உடை மாற்ற மறைப்பாகும். மடித்தால் உள்ளங்கை அளவு. முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு வையுங்கள். வெயிலுக்குக் கிரீமைவிட அது நல்லது. சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் பவளத்துக்குக் கேடு என்பதால் பசிபிக் நாடான பலாவ் 2020 ஜனவரி முதல் அதைத் தடை செய்தது. ஹவாயில் 2021 முதல் அதன் விற்பனைக்குத் தடை. அந்தமான் பவளத்திட்டுகள் 2010, 2016 வெப்ப அலைகளில் வெளுத்துத் தேறி வந்தவை. அவற்றைப் பார்க்கப் போகும் நாமே ரசாயனத்தைப் பூசிக்கொண்டு இறங்குவது எப்படிச் சரியாகும்? கிரீம் வேண்டும் என்றால் ஜிங்க் ஆக்ஸைடு வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டில். கடற்கரை மணலில் கண்ணுக்கே தெரியாத ‘சேண்ட் ஃப்ளை’ இருக்கிறது. கடித்த இடம் வாரக்கணக்கில் அரிக்கும். எண்ணெயைக் காலில் கெட்டியாகத் தடவிக்கொண்டால் அது ஒட்டிக்கொண்டு கடிக்க முடியாமல் போகிறது என்பது அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது.

டார்ச் லைட்டை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்தமான் நமக்குப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ இதே இந்திய நேரம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். நம் ஏரிக்கரையில் சாயங்கால நடைக்குக் கிளம்புகிற நேரத்தில் அங்கே கும்மிருட்டு. தலையில் மாட்டும் விளக்கு இன்னும் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன்னில் விட மாட்டார்கள்.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டருக்கு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் தொடங்கி வைத்த பிறகு நெட் எவ்வளவோ தேவலை. ஹேவ்லாக்குக்கும் லிட்டில் அந்தமானுக்கும்கூட அந்தக் கேபிள் போகிறது. இருந்தாலும் ஜிபேயை மட்டும் நம்பாதீர்கள். நூறு, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கையில் பணம் வேண்டும். கப்பல் டிக்கெட், ஆதார் நகல் எல்லாம் பேப்பரிலும் இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே வங்காளிகளும் இந்தி பேசுகிறவர்களும் அதிகம் என்றாலும் 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 15 சதவிகிதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். நம் ஜனங்கள் இருக்கும் ஊர், இட்லி கிடைக்கும். ஆனாலும் கப்பல் தாமதமாகிற நாளுக்குக் கொஞ்சம் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தட்டை, வறுத்த வேர்க்கடலை இருந்தால் குழந்தைகள் வாடாது. இவற்றை எவர்சில்வர் டப்பாவில் அடையுங்கள். சில்லறைப் பாக்கெட்டுகளாக வாங்கிப் போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

காரணம் இதுதான். லிட்டில் அந்தமானின் டியூகாங் கிரீக்கில் ஒங்கே என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். இன்று மொத்தமே நூறு பேர் சொச்சம். 2008 டிசம்பரில் கரையில் ஒதுங்கிய ஒரு பிளாஸ்டிக் கேனில் இருந்த திரவத்தைச் சாராயம் என்று நினைத்துக் குடித்த எட்டுப் பேர் இறந்துபோனார்கள். நூறு பேரில் எட்டுப் பேர். எங்கோ யாரோ கடலில் விட்ட கேன் அது.

2025 மார்ச்சில் ஓர் அமெரிக்க இளைஞர் யாரும் நெருங்கக் கூடாத வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு தேங்காயும் ஒரு கோலா டின்னும் ‘காணிக்கை’யாக வைத்துவிட்டு வந்து கைதானார். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அந்தத் தீவில் தனித்து வாழும் பழங்குடி மக்களுக்கு நம் ஜலதோஷமும் அம்மையும் புதிது. 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் வெளியார் கொண்டுவந்த நோய்களாலேயே பெரும்பாலும் அழிந்து 1961-இல் 19 பேராகக் குறைந்தார்கள். ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுச் சாலையில் போகும் வண்டியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவதும், போட்டோ எடுப்பதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

எனவே மஞ்சப்பை இரண்டு வையுங்கள். ஒன்று வாங்குகிற பொருளுக்கு. இன்னொன்று நம் குப்பைக்கு. காலி அட்டை, நாப்கின், டயாப்பர், தீர்ந்த பேட்டரி எல்லாம் அதில் திரும்பி வந்தாக வேண்டும். சின்னத் தீவுகளில் இவற்றைப் புதைக்கவோ எரிக்கவோதான் வழி. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். நண்பர்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் டிரோனும் சாட்டிலைட் போனும் அனுமதியில்லாமல் எடுத்துப் போகக் கூடாது. திரும்பும்போது பவளத் துண்டு, மணல், சங்கு எதையும் பெட்டியில் போடாதீர்கள். பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, செத்த துண்டானாலும் சரி. ஏர்போர்ட் சோதனையில் அது தெரிந்துவிடும்.

போர்ட் பிளேரில் ஒதுக்கி வைத்த அந்த உபரி நாள், கடல் அமைதியாக இருந்து தேவைப்படாமல் போனால் கையில் மிஞ்சும். 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையைக் காலையிலேயே போய் நிதானமாகப் பாருங்கள், சாயங்கால ஒளி-ஒலிக் காட்சிக்கு மட்டும் ஓடாமல். அப்புறம் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போங்கள். பங்குனி உத்திரச் சமயமாக இருந்தால் காவடிக் கூட்டத்தையே பார்க்கலாம். அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் தமிழிலேயே கேளுங்கள், அடுத்த முறை ஹட் பேக்குக் கப்பல் எந்த மாதம் ஒழுங்காக ஓடும் என்று.