காரின் மைலேஜ் குறைவும் காரணம் கண்டறிதலும்

மைலேஜ் குறைவு என்பது ஒரு கார் வழக்கமாக ஒரு லிட்டர் எரிபொருளில் ஓடிவந்த தொலைவைவிடக் குறைவாக ஓடத் தொடங்குவதைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. டயரில் காற்றுக் குறைவு முதல் பிரேக் இறுகிப்போதல் வரை பல காரணங்கள் இதற்குப் பின்னால் இருக்கக்கூடும். சில காரணங்கள் பணத்தை மட்டும் வீணாக்கும். சில உயிருக்கே ஆபத்தானவை. இக்கட்டுரை இந்தியக் குடும்பங்களில் பரவலாகப் பயன்படும், 1000 முதல் 1200 சிசி அளவிலான, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட சிறிய பெட்ரோல் கார்களை முன்வைத்து எழுதப்பட்டது.

ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் அதற்கு 500 லிட்டர் பெட்ரோல் போதும். அதே கார் 16 கி.மீ. மட்டும் கொடுத்தால் 625 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 12,500 ரூபாய் கூடுதல் செலவு.

முதலில் அளவீடு

மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் வரும் பலரிடம் முறையான அளவீடு இருப்பதில்லை. "ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்கள்" என்று நிரப்பும் பழக்கத்தில் மைலேஜைக் கணக்கிட வழியே இல்லை. எரிபொருள் முள்ளின் நகர்வும் நம்பத்தக்கதன்று. டேங்கின் வடிவம் சீராக இல்லாததால், முதல் பாதி மெதுவாகவும் பின்பாதி விரைவாகவும் தீர்வதுபோல் தோன்றும் கார்கள் உண்டு.

சரியான முறை, முழு டேங்க் முதல் முழு டேங்க் வரை கணக்கிடுவது. பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டியபின் கூடுமானவரை அதே பங்க்கில், அதே குழாயில், மீண்டும் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். முதலில் 48,210, இப்போது 48,626 என்றால் ஓடியது 416 கி.மீ. பிடித்த பெட்ரோல் 26 லிட்டர் என்றால் மைலேஜ் 16. குழாய் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். 10 லிட்டர் நிரப்பும்போது அரை லிட்டர் வேறுபாடு 5 விழுக்காடு பிழையாகிவிடும். 30 லிட்டரில் அதே அரை லிட்டர் 2 விழுக்காட்டைக்கூடத் தொடாது. எனவே டேங்க் பெருமளவு தீர்ந்த பிறகு நிரப்பிக் கணக்கிடுவதும், மூன்று முறை சராசரி எடுப்பதும் நல்லது.

காரின் திரையில் தெரியும் மைலேஜ் நேரடியாக அளக்கப்பட்டதன்று. இன்ஜெக்டர்கள் திறந்திருந்த நேரத்தைக் கொண்டு கணினி செய்யும் மதிப்பீடு அது. உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது பொதுவானது. ஓடோமீட்டரும் ஏமாற்றலாம். அழகுக்காகப் பெரிய டயர் மாற்றியவர்களுக்கு, சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தொலைவு உருள்வதால், மீட்டர் குறைத்துக் காட்டும். அங்கே மைலேஜ் தாளில்தான் குறைந்திருக்கும்.

இன்னொரு கணக்கு வியப்பானது. ஒரு கார் 20-இலிருந்து 16-க்கு இறங்குகிறது. இன்னொன்று 12-இலிருந்து 10-க்கு இறங்குகிறது. முன்னதே பெரிய சரிவு என்று தோன்றும். 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்தால், முதல் கார் 5-இலிருந்து 6.25 லிட்டருக்கும், இரண்டாவது கார் 8.33-இலிருந்து 10 லிட்டருக்கும் போயிருக்கிறது. கூடுதலாகக் குடிப்பது இரண்டாவது கார்தான். ஐரோப்பிய நாடுகளில் 100 கி.மீ.க்கு லிட்டர் என்று குறிப்பது இவ்வகையில் நேர்மையான முறை.

எதனோடு ஒப்பிடுவது

விற்பனை ஏட்டில் உள்ள மைலேஜ் எண், புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில், உருளைகளின்மேல் காரை நிறுத்தி, வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெறப்படுவது. அந்த அட்டவணையின் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி அணைத்த நிலையிலேயே இச்சோதனை நடத்தப்பட்டு வந்தது. மேடு பள்ளமும் மாட்டு வண்டியும் சிக்னலும் அங்கே கிடையா. நகர ஓட்டத்தில் அந்த எண்ணைவிடக் கால் பங்கு குறைவாகக் கிடைப்பதைக் கோளாறாகக் கருத வேண்டியதில்லை. ஒப்பிட வேண்டியது அதே காரின் பழைய கணக்கோடு. அதுவும் அதே பாதை, அதே பருவம் என்ற நிலையில்.

எரிபொருளே மாறியிருப்பதும் கணக்கில் வர வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் கலக்காத பெட்ரோலுடன் ஒப்பிட்டால் இ20-இல் ஆற்றல் சுமார் 7 விழுக்காடும், இ10-உடன் ஒப்பிட்டால் 3 முதல் 4 விழுக்காடும் குறைவு. பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஆகவே 18 கொடுத்த கார் 17 கொடுத்தால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். 13-க்கு இறங்கினால் எத்தனாலின் மேல் மட்டும் பழி போட முடியாது.

பங்க்கில் அளவு குறைகிறது என்ற ஐயம் எழுந்தால், அங்கேயே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மி.லி. வரையான வேறுபாடு அனுமதிக்கப்பட்டது. விடியற்காலையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்று எழுந்து ஓடுவதில் பயனில்லை. நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை பகலிலும் இரவிலும் அதிகம் மாறுவதில்லை.

ஓட்டத்தில் வந்த மாற்றம்

காரில் எதுவுமே கெடாமல் மைலேஜ் குறைவது மிகச் சாதாரணம். அலுவலகத்துக்கு 25 கி.மீ. ஓடிய கார், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் 2 கி.மீ. ஓட்டத்துக்கு மாறியிருக்கும். குளிர்ந்த இயந்திரத்துக்குக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிறது. சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடும். வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பதும் சேர்ந்துகொள்ளும். நின்ற இடத்தில் ஓடும் சிறிய பெட்ரோல் இயந்திரம் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். 0.7 லிட்டர் என்று வைத்து, நாளுக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டால், மாதம் 25 நாளில் ஏறக்குறைய 6 லிட்டர் ஒரு கி.மீ.கூட ஓடாமல் தீர்ந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் வேகமே முதல் காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கேற்ப உயர்வதால், 80-க்குப் பதில் 100-இல் போகும்போது அந்த எதிர்ப்பு 56 விழுக்காடு கூடிவிடும். ஊர்ப் பயணத்துக்காகக் கூரையில் மாட்டிய கேரியரை அப்படியே விட்டுவிடுவதும் இவ்வகைதான்.

சக்கரமும் பிரேக்கும்

டயர் காற்றழுத்தம் எளிதில் பார்க்கக்கூடியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உள்ள அளவே சரியானது. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 விழுக்காடு குறையும். அதாவது 5 பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் இழப்பு ஒரு விழுக்காடுதான். காற்றுப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. ஆனால் காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும் ஆபத்து இருப்பதால், அதற்காகவே சரிசெய்ய வேண்டும்.

பிரேக் இறுகிப்போதல் இதைவிடக் கவலைக்குரியது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறி மாட்டிக்கொள்ளும். பின்சக்கர டிரம் பிரேக்கில் ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதும் தளராமல் நிற்கும். ஓட்டுபவருக்கு இது எளிதில் தெரியாது. கார் சற்று சோம்பலாக இருப்பதாகவே தோன்றும். அதிகம் பிரேக் போடாமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்திய பிறகு, இடது வலது சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே தொடாமல் கையை நீட்டிப் பார்த்தால், ஒன்று மட்டும் தகிப்பது புலப்படும். ஆளில்லாத சமதளத்தில் மெதுவான வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றினால் கார் இயல்பாக உருண்டோட வேண்டும். யாரோ பின்னால் இழுப்பதுபோல் நின்றால் பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் இயந்திரத்தை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்கின் உதவி விசையும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். இறுகிய பிரேக்கின் வெப்பம் பிரேக் எண்ணெயைக் கொதிக்க வைத்தால், தேவையான நேரத்தில் பிரேக் பிடிக்காமலே போகலாம். மலைப்பாதையில் இறங்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

கிளட்ச் நழுவுவதும் பெட்ரோலைத் தின்னும். உயர் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இயந்திரத்தின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறாவிட்டால் அதுவே அடையாளம்.

இயந்திரத்தின் சூடு

இயந்திரம் சூடாவது தீமை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பழைய கார்களின் காலத்தில் "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?" என்று அதைக் கழற்றி எறியும் வழக்கம் பல பட்டறைகளில் இருந்தது. இன்றைய கார்களில் அது நேரடியாக மைலேஜைப் பாதிக்கும். தெர்மோஸ்டாட் என்பது இயந்திரம் போதிய சூடடையும்வரை குளிர்நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ இல்லாமலே போனாலோ, இயந்திரம் 85 பாகை செல்சியசை ஒட்டிய வேலை வெப்பநிலையை எட்டவே தடுமாறும். கணினி இன்னும் குளிர் என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கும். வெப்ப முள் இல்லாத பல சிறிய கார்களில் நீல நிற வெப்ப விளக்கு உண்டு. 10 நிமிடம் ஓடிய பிறகும் அது அணையவில்லை என்றாலோ, நெடுஞ்சாலையில் மீண்டும் எரிந்தாலோ தெர்மோஸ்டாட்டையும் வெப்ப சென்சாரையும் சோதிக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்பது கார்புரேட்டர் காலத்து அறிவுரை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை, இழுவிசைதான் குறைந்தது. உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்ப கணினி பெட்ரோலையும் குறைத்துக்கொள்வதே காரணம். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும். அதை மாற்றியதும் மைலேஜ் திரும்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

தேய்ந்த ஸ்பார்க் பிளக்கால் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தால் கார் குலுங்கும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள விலையுயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடக்கூடும். இயந்திர எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரிவது பெரும்பாலும் இதைக் குறிப்பதால், அந்நிலையில் காரைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

சென்சார்கள்

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் சரியா என்று புகையை முகர்ந்து சொல்வது ஆக்சிஜன் சென்சார். அது முதுமையடைந்து மெதுவாகும்போது எச்சரிக்கை விளக்கு எரியாமலே பெட்ரோல் செலவு கூடலாம். முற்றிலும் பழுதான ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 விழுக்காடு வரை மேம்படலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 

இதைக் கண்டறிய ஊகம் தேவையில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி இணைப்பில் ஸ்கேனரை மாட்டினால், கணினி வழக்கத்தைவிட எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்ற திருத்த எண் தெரியும். அது 10 விழுக்காட்டுக்குள் நின்றால் பொதுவாகக் கவலையில்லை. மிகுதியாகக் கூட்டினால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது, அல்லது காற்றளவு சென்சார் அழுக்கேறியிருக்கிறது. மிகுதியாகக் குறைத்தால் இன்ஜெக்டர் ஒழுகக்கூடும். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்கேனருக்குக் காத்திராமல் காரை நிறுத்தி, ஒழுக்கு எங்கே என்று பார்க்கச் செய்ய வேண்டும்.

பட்டறையில் ஒரே நாளில் பிளக், ஃபில்டர், ஆயில், சென்சார் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. முதலில் ஸ்கேனரும் பிரேக் சோதனையும், பின் ஒவ்வொன்றாக மாற்றம் என்பதே சிக்கனமான வரிசை. ஆயில் மாற்றும்போது கையேட்டில் உள்ள தரமே ஊற்றப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டியான ஆயில் ஓரிரு விழுக்காட்டைத் தின்றுவிடும். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை போன்றவற்றைத் தவிர்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மதிப்பிட்டு, மிகச் சிலவற்றில் மட்டுமே, அதுவும் சிறு பயனையே கண்டது. பழுது நீக்கி கணினியின் பதிவை அழித்த பிறகு, கார் புதிய அளவுகளைக் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆகும் என்பதால், இரண்டு முழு டேங்க் ஓடிய பின்னரே புதிய மைலேஜைக் கணக்கிட வேண்டும்.