மூக்கறியும் சுவை: சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்பது ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு வடிசாலையில், முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, செம்பு வாலையில் காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவைத்த விஸ்கி. 'மால்ட்' என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம். ஹார்லிக்ஸில் சேர்வதும் பார்லி மால்ட்தான். 'சிங்கிள்' என்பது ஒற்றைப் பீப்பாயைக் குறிக்காது, ஒற்றை வடிசாலையைக் குறிக்கும். ஓர் ஆலையின் பல பீப்பாய்களை ஒன்றாகச் சேர்த்தே பெரும்பாலும் புட்டியில் அடைக்கிறார்கள்.

பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. புட்டியில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. தண்ணீரும், நிறத்துக்கான சாதாரண கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது. எசென்ஸ் இல்லை, சர்க்கரை இல்லை, வாசனைப் பொருள் இல்லை. ஆகவே கோப்பையில் எழும் ஒவ்வொரு மணமும் தானியத்திலிருந்தோ, புகையிலிருந்தோ, ஈஸ்ட்டிலிருந்தோ, வாலையிலிருந்தோ, மரத்திலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். எந்த மணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் சிங்கிள் மால்ட்டைச் சுவைப்பதில் பாதி கைவந்துவிடும்.

துறவியின் மால்ட் முதல் இன்றுவரை

ஸ்காட்லாந்து அரசக் கணக்கேட்டில் 1494ஆம் ஆண்டுக்குரிய ஒரு பதிவு, நான்காம் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி 'உயிர்நீர்' வடிப்பதற்காக ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு 'போல்' அளவு மால்ட் கொடுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. உயிர்நீர் என்று பொருள்படும் 'உஷ்க பெஹா' என்ற கேலிக் மொழிச் சொல்லே மருவி விஸ்கி ஆயிற்று. வரிச்சுமை கூடிய காலத்தில் மலைப்பகுதிகளில் கள்ளத்தனமாக வடிப்பது பெருகியது. 1823இல் வந்த சட்டம் வரியைக் குறைத்து உரிமம் பெறுவதை எளிதாக்கியது. மறு ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றார்.

1830இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலம், மலிவான தானிய விஸ்கிக்கு வழி திறந்தது. அதையும் மால்ட்டையும் கலந்த 'பிளெண்டட்' விஸ்கி உலகச் சந்தையைப் பிடித்தது. மால்ட் ஆலைகள் நெடுங்காலம் இந்தக் கலவைகளுக்குச் சரக்கு கொடுப்பவையாகவே இருந்தன. 1963இல் கிளென்ஃபிடிக் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டைப் ஸ்காட்லாந்துக்கு வெளியேயும் முனைந்து விற்கத் தொடங்கிய பிறகே அதற்குத் தனிச் சந்தை உருவானது.

மணங்கள் பிறக்கும் இடங்கள்

முதலில் பார்லியை ஊறவைத்து முளைகட்டவிடுகிறார்கள். முளைவிடும்போது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானியத்துக்குள் உருவாகின்றன. பிறகு சூளையில் உலர்த்தி முளையை நிறுத்துகிறார்கள். சில ஆலைகளுக்கான மால்ட்டை உலர்த்தும்போது பீட் எரிக்கப்படுகிறது. சதுப்பு நிலங்களில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரைகுறையாக மட்கிப் படிந்த மண்ணே பீட். அதன் புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் ஈரமான தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. விறகுப்புகை, தார், டிங்சர், ஆஸ்பத்திரி வாசனை என்று சொல்லப்படுபவை எல்லாம் இங்கே பிறப்பவை. ஐலா தீவின் ஆர்ட்பெக் ஆலை பயன்படுத்தும் மால்ட்டில் பத்து லட்சத்துக்கு 50 பங்குக்கு மேல் ஃபீனால் இருக்கும். ஸ்பேசைடு வட்டாரத்தின் பல ஆலைகள் பயன்படுத்தும் மால்ட்டில் அது இல்லை என்றே சொல்லலாம்.

மால்ட்டை அரைத்து வெந்நீரில் கலக்கும்போது கிடைக்கும் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால் இரண்டு மூன்று நாளில் சுமார் 8 சதவீத ஆல்கஹால் கொண்ட ஊறல் தயாராகும். ஈஸ்ட் ஆல்கஹாலோடு நின்றுவிடுவதில்லை. எஸ்டர் என்னும் பழவாசனைச் சேர்மங்களையும் உண்டாக்குகிறது. வாழைப்பழம், ஆப்பிள், பேரிக்காய் மணங்கள் இங்கிருந்து வருகின்றன. ஊறலை நீண்ட நேரம் நொதிக்கவிட்டால் பழவாசனை பெரும்பாலும் கூடும்.

அடுத்தது வாலை. பொதுவாக இரண்டு முறை வடிப்பார்கள். கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஆக்கன்டோஷனில் மூன்று முறை. கடைசி வடிப்பில் முதலில் வருவதையும் இறுதியில் வருவதையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுக்கிறார்கள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வோர் ஆலைக்கும் உரிய முடிவு. செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொண்டு வடிநீரைத் துப்புரவாக்குகிறது. கிளென்மோரஞ்சியின் வாலைக் கழுத்துகள் 5 மீட்டருக்கும் உயரமானவை. கனமான ஆவி மேலேறும் வழியிலேயே குளிர்ந்து திரும்பிவிடுவதால் அங்கே மென்மையான வடிநீர் கிடைக்கிறது. மக்காலனின் வாலைகள் குட்டையானவை. அவற்றின் வடிநீரில் எண்ணெய்ப் பசையும் கனமும் அதிகம்.

வடிநீர் தண்ணீரைப் போல நிறமற்றது. நிறத்தையும் மணத்தின் பெரும்பங்கையும் தருவது பீப்பாய். அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் கலமே வேண்டும் என்பது சட்டம். அங்கே ஒருமுறை பயன்பட்ட சுமார் 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அமெரிக்க வெள்ளை ஓக் வெனிலாவையும் தேங்காய் மணத்தையும் கொடுக்கும். ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மது ஊறிய, ஐரோப்பிய ஓக்கில் செய்த 500 லிட்டர் பீப்பாய்கள் உலர்திராட்சை, அத்தி, மசாலா மணங்களையும் துவர்ப்பையும் ஏற்றும். கிராம்புக்கு வாசனை தரும் யூஜினால் ஓக் மரத்திலும் இருப்பதால் விஸ்கியில் கிராம்பு மணப்பது கற்பனை அல்ல.

பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. இதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். வெப்பம் மிகுந்த இடத்தில் இந்த இழப்பும் முதிர்வின் வேகமும் கூடும். பெங்களூரில் வடித்து, 2004இல் கிளாஸ்கோவில் முதலில் விற்பனைக்கு வந்த அம்ருத் சிங்கிள் மால்ட் குறைந்த ஆண்டுகளிலேயே முதிர்வதற்கு அதுவே காரணம். ஸ்காட்லாந்தில் பிறக்காததால் அது ஸ்காட்ச் ஆகாது, சிங்கிள் மால்ட்தான்.

லேபிள் சொல்வது

லேபிளில் 12 என்று இருந்தால், புட்டியில் கலந்த விஸ்கிகளில் மிக இளையதற்கே 12 வயது என்று பொருள். புட்டிக்குள் போனபின் வயது ஏறாது. வயது கூடினால் தரமும் கூடும் என்ற விதியும் இல்லை. நெடுங்காலம் கிடந்தால் மரம் தானியத்தை விழுங்கிவிடக்கூடும். 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' என்றால் பீப்பாயிலிருந்து எடுத்தபின் தண்ணீர் சேர்த்து வீரியம் குறைக்காதது. 'நான் சில் ஃபில்டர்டு' என்றால் குளிரவைத்து வடிகட்டாதது. தண்ணீர் சேர்த்து 46 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தால் அது சற்றே கலங்கக்கூடும், அது குறையல்ல.

ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, காம்பெல்டவுன் என்ற ஐந்து வட்டாரப் பெயர்களையும் காணலாம். ஐலா என்றால் புகை, ஸ்பேசைடு என்றால் பழமும் தேனும் என்பது தொடக்கத்துக்கு உதவும். ஆனால் ஐலாவின் புன்னஹாவென் பெரும்பாலும் புகையில்லாத விஸ்கியே வடிக்கிறது. சுவையைத் தீர்மானிப்பதில் ஊரைவிட ஆலையின் கைப்பக்குவத்துக்கே பங்கு அதிகம்.

சுவைக்கும் முறை

நாக்கு அறிபவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு முதலிய சில சுவைகளே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. விஸ்கி கலக்கும் வல்லுநர்கள் பெரும்பாலும் குடிப்பதில்லை. 20 சதவீத அளவுக்கு நீர்த்த விஸ்கியை முகர்ந்தே முடிவு செய்கிறார்கள். எனவே அகன்ற வாயுள்ள டம்ளர் இதற்குப் பொருந்தாது. அடி பருத்து வாய் குறுகிய, துலிப் மலர் போன்ற கிண்ணமே மணத்தைச் சேர்த்துப் பிடிக்கும். கிளென்கெய்ர்ன் கிண்ணம் இந்த வடிவம்தான். 20, 25 மில்லி போதும். ஐஸ் கூடாது, குளிர்ந்தால் மணம் எழாது.

ஊற்றியவுடன் குடிக்காமல் சில நிமிடம் விடவேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்பது இதற்கும் பொருந்தும். நிறத்தைப் பார்க்கலாம், கேரமல் சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் அதை முழுதும் நம்பவேண்டியதில்லை. முகரும்போது மூக்கைக் கிண்ணத்துக்குள் ஆழ விடக்கூடாது. ஆல்கஹால் நெடி மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாயைச் சற்றே திறந்தபடி, விளிம்பருகில் மெல்ல முகர்ந்து, விலகி, மீண்டும் முகரவேண்டும்.

தோன்றும் மணத்துக்குப் பெயர் வைப்பது அடுத்த படி. ஸ்காட்லாந்துக்காரர் சொல்லும் ஹீதர் பூவைத் தேடி அலையவேண்டாம். கருப்பட்டி, ஏலக்காய், பலாச்சுளை, வைக்கோல், அடுப்புப்புகை என்று அவரவர் மூக்கு பழகிய பெயரே சரியான பெயர்.

பிறகு ஒரு சிறு மிடறு. அதை உடனே விழுங்காமல் நாக்கு முழுதும் படும்படி சில நொடி வைத்திருந்தால் முதல் எரிச்சல் தணியும்; இனிப்பும் துவர்ப்பும் பிரிந்து தெரியும். விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியே விட்டால் தொண்டைப்புறமாக மணம் மீண்டும் எழும். அது எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி மாறுகிறது என்பதே 'முடிவு' எனப்படுவது.

அடுத்ததாகச் சில துளி தண்ணீர். இது விஸ்கியைக் கெடுப்பதல்ல. புகை மணமுள்ள குவையாகால் மூலக்கூறுகள் ஆல்கஹால் மூலக்கூறுகளோடு ஒட்டி நிற்பவை. நீர்க்கும்போது அவை திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகின்றன என்பதை ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரியின் மூலம் காட்டினார்கள். துளித்துளியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகர்ந்தால், அதுவரை மறைந்திருந்த மணங்கள் வெளிப்படும்.

ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளை ஒப்பிடும்போது மென்மையானதில் தொடங்கிப் புகையில் முடிக்கவேண்டும். புகை முதலில் வந்தால் பின்னால் வருவது எதுவும் எடுபடாது. இடையிடையே தண்ணீர் குடிக்கவேண்டும். இரண்டு மூன்று வகைக்கு மேல் போனால் மூக்கு களைத்துவிடும், ஆல்கஹால் தன் வேலையைக் காட்டத் தொடங்கும். அதன்பின் நடப்பது சுவைத்தல் அல்ல, குடித்தல். வல்லுநர்கள் வாயில் கொண்டதைத் துப்பிவிடுவதும் இதனால்தான்.

கடைசியாக, காலிக் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருந்து மறுநாள் காலையில் முகரலாம். ஆல்கஹால் போயிருக்கும், ஓக் மரமும் பீட் புகையும் அதில் தங்கியிருக்கும்.