ஒரு கணினி, இரண்டு இயங்குதளங்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை அறியாதார் இலர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோயிலில் இரண்டு விமானங்கள் ஓங்கி நிற்கின்றன. பெரியது கிழக்கே கடலை நோக்கியுள்ளது. சிறியது மேற்கே ஊரை நோக்கியுள்ளது. அவ்விரண்டிற்கும் இடையே, பாறையில் வடிக்கப்பெற்ற திருமால் பள்ளிகொண்டிருக்கின்றார். அத்திருமேனி சிவன் கோயில்கள் இரண்டிற்கும் முற்பட்டது என்பர் ஆராய்ச்சியாளர். புதியன எழுப்பியோர் பழையதை அகற்றினாரல்லர்; அதற்கு ஊறு நேராவண்ணம் இருபுறமும் இடம் வகுத்துக் கட்டினர். முன்னரே இருப்பதைக் காத்துக்கொண்டு புதியதற்கு இடம் வகுக்கும் இம்முறையைக் கணினியிலும் நாம் கைக்கொள்ளலாம்.

விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு ஆகிய உறுப்புகளை ஒருங்கிணைத்து நடத்தும் தலைமை நிரலே இயங்குதளம் ஆகும். அஃது இன்றேல் கணினி வெறும் பெட்டியே. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் பலரும் அறிந்த இயங்குதளம். மற்றொன்று லினக்ஸ். பின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் அதன் கருவைத் தோற்றுவித்தார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்சைக் கொண்டு 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை அமைத்து, 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பணிபுரிய அது துணை செய்கின்றது.

தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்கத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் அருகருகே அமைந்திருந்தன. ஒரே கணினியில் இரண்டு தளங்கள் வாழக்கூடும் என்பதை எளிய குடும்பத்து மாணவர் பலர் இவ்வாறே முதன்முதலில் கண்டனர்.

இரண்டாவது தளத்தின் தேவை யாது? விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நின்றன. விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் முடிவுற்றது. ஆதரவு நின்றதால் கணினி இயங்காமற் போய்விடாது. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். அவற்றின் வழியே தீநிரல்கள் நுழையும். விண்டோஸ் 11 வேண்டும் உறுப்புகளோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. புதிய கணினி வாங்க இயலாத குடும்பத்திற்கு, குறைந்த நினைவகத்திலும் இயங்கும் எளிய லினக்ஸ் வகையொன்று பெருந்துணையாகும். விண்டோசில் மட்டுமே இயங்கும் நிரல்களை இழக்க விரும்பாதோர் அதனையும் வைத்துக்கொள்ளலாம். இணையப் பணிகளுக்கு லினக்சைப் பயன்படுத்துவது நன்று.

இனி, அமைக்கும் முறையைக் காண்போம். முதற்பணி, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைத்தல். இதனைச் செய்யாதார் வேறெதனையும் தொடங்கலாகாது. வன்தட்டு பூட்டுக்குறி இட்டுக் காக்கப்பட்டிருப்பின், அதன் மீட்புக் குறியெண்ணையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது பணி, இடம் வகுத்தல். வன்தட்டினை ஒரு வீடாகக் கொண்டால் அதன் பகுதிகளை அறைகள் எனலாம். விண்டோஸ் இருக்கும் பகுதியை அதற்குள்ளே உள்ள கருவியைக் கொண்டே சுருக்கி, வெற்றிடம் உண்டாக்குதல் வேண்டும். அன்றியும், விண்டோசின் 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதியை நிறுத்துதல் வேண்டும். அவ்வசதி இருக்கும்போது கணினி முற்றிலும் அணைவதில்லை. அரைத் துயிலிலேயே இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதைவுறக்கூடும்.

மூன்றாவது பணி, லினக்சின் நிறுவற்கோப்பைப் பென் டிரைவில் முறைப்படி பதித்து, அதிலிருந்து கணினியைத் தொடங்குதல். லினக்ஸ் வகைகள் பலவற்றை நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். ஒலி, வலைத்தொடர்பு, விசைப்பலகை ஆகியன செவ்வனே இயங்குகின்றனவா என்று ஆராய்ந்த பின்னரே நிறுவத் தொடங்குதல் அறிவுடைமை.

நிறுவும்போது ஒரு வினா எழும்: விண்டோசின் அருகே நிறுவலாமா, வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா? இவ்விடத்தில் விழிப்பு மிக வேண்டும். இரண்டாவதைத் தெரிந்தால் பல்லாண்டு சேர்த்த பாடக்குறிப்புகளும் ஒளிப்படங்களும் சில நிமிடங்களில் மறையும். முதலாவதைத் தெரிந்தால் வெற்றிடத்தில் மட்டும் புதிய தளம் குடியேறும்.

நிறுவிய பின்னர், கணினியை இயக்கியதும் 'கிரப்' என்னும் தொடக்க நிரல் வாயிற்காவலன் போல முன்னே நிற்கும். அது காட்டும் பட்டியலில் வேண்டிய தளத்தை நாம் தெரிந்துகொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு தளமே இயங்கும். மற்றொன்றுக்கு மாறக் கணினியை மீண்டும் தொடக்குதல் வேண்டும். லினக்ஸ் விண்டோசின் கோப்புகளைப் படிக்க வல்லது. ஆனால் லினக்சின் பகுதியை விண்டோஸ் இயல்பாகப் படிக்காது. ஆதலால், இரண்டிற்கும் பொதுவான கோப்புகளை விண்டோஸ் படிக்கும் பகுதியில் வைத்தல் நலம்.

மற்றொரு வியப்பும் உண்டு. லினக்சைப் பயன்படுத்திய பின் விண்டோசுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டக்கூடும். கணினியின் உட்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தைக் குறிக்கின்றது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. இந்திய நேரம் பொதுநேரத்தினும் ஐந்தரை மணி முந்தியதன்றோ? உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்சைப் பணித்தால் இம்மாறுபாடு நீங்கும்.

பழுதென்று ஒதுக்கப்பட்ட கணினி ஒன்று இவ்வாறு மீண்டும் பயன்பட்டால், ஒரு மாணவனின் கல்வி தடைபடாமல் தொடரும். அதனினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. தன் கையிலுள்ள கருவியின் உள்ளமைப்பை அறிந்து, தன் தேவைக்கேற்ப அதனை ஒழுங்கு செய்தவன் அக்கருவிக்கு அடிமையாகான்; அதனை ஆள்பவன் ஆவான்.