தாய் தந்த காப்பும் அதனைச் சுமக்கும் புரதமும்

கருவுற்ற தாய்க்கு ஏற்புவலித் தடுப்பூசி இடுவது தாயின் நலம் ஒன்றையே கருதியன்று. தோட்டத்து இலயத்திற் பிறக்கும் சேய்க்கும் தாயின் பிறபொருளெதிரியே முதற் காப்பாகும். இலங்கையில் இம்முறை 1969 இல் தொடங்கிற்று.

அவ்வெதிரி சூல்வித்தகத்தைத் தானே கடப்பதன்று. அதனைச் சுமந்து செல்ல வாங்கிப் புரதமொன்று வேண்டும். அத்தகைய வாங்கி உண்டென 1958 இற் பிராம்பெல் என்னும் அறிஞர் ஊகித்தார். 1989 இற் சிமிஸ்டரும் மொஸ்தொவும் எலியில் அதன் பரம்பரையலகை இனங்கண்டனர். கலத்தினுள் அமிலஞ் சார்ந்த அறைகளில் அது எதிரியைப் பற்றும். நடுநிலையை அண்டிய குருதியில் விட்டுவிடும். தெமோதரையிற் புகைவண்டி சுற்றிவந்து, புறப்பட்ட நிலையத்தின் அடியையே அடைவதுபோல, எதிரியும் சிதையாது குருதிக்கே மீள்கின்றது. மனிதரில் அது ஏறத்தாழ மூன்று வாரம் நிலைப்பதற்கு இதுவே காரணமாகும்.

இன்று சுண்டெலியின் வாங்கியைப் பரம்பரையலகு மாற்றிய கலங்களில் ஆக்கி, புதிய பிறபொருளெதிரி மருந்துகள் அதனோடு பிணையும் வலிமையை ஆய்வுகூடங்களில் அளக்கின்றனர். ஆயினும் மனித எதிரியைச் சுண்டெலி வாங்கி மனித வாங்கியினும் இறுகப் பற்றும். ஆதலின் எலியிற் கண்ட முடிவை ஆராயாது மனிதர்க்கு உரைத்தல் பொருந்தாது.