மூளை நின்ற பிறகு பிரஷரைப் பிடிப்பது

மூளைச்சாவு என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டிலிலிருந்து எல்லோரும் மெல்ல விலகிவிடுகிற காலம் ஒன்று இருந்தது. ரவுண்ட்ஸ் அந்த இடத்துக்கு வந்ததும் டாக்டர்களின் நடை வேகமாகும். சிரிஞ்ச் பம்பில் மருந்து தீர்ந்து அலாரம் அடித்தால் சிஸ்டர் வந்து அலாரத்தை அணைப்பார். அடுத்த சிரிஞ்சை ஏற்றும்படி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிரஷர் 80, 60 என்று இறங்கும். பொழுது விடிவதற்குள் இதயமும் நின்றுவிடும். இதைத் தவறு என்று அன்று யாரும் நினைக்கவில்லை. பிழைக்கக்கூடியவர்களைக் கவனிக்கவே கை போதாத வார்டில் வேறு எப்படி நடக்கும்?

இன்று அதே கட்டிலில், அதே நேரத்தில்தான் வேலை கூடுகிறது. மூளைத்தண்டு அடங்கிய உடம்பில் பிரஷரைப் பிடித்துவைப்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அந்த வேலையைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் வரை போக்குவரத்தை நிறுத்தி அந்த இதயத்தைக் கொண்டுபோனதையும் மறக்கவில்லை. மூளைச்சாவை மரணமாக ஏற்ற சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. அது மக்கள் மனதுக்குள் வந்தது அந்த நாளில்தான். ஆனால் இப்படிச் சாலையில் போகிற ஒவ்வொரு இதயத்துக்கும் முன்னால் ஐசியுவில் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவில் பிரஷர் விழுந்திருந்தால் எந்தச் சாலையை நிறுத்தியும் பயனில்லை.

பிரஷர் ஏன் விழுகிறது? மண்டைக்குள் வீக்கம் கூடி மூளைத்தண்டு நசுங்கும்போது, உடம்பு கடைசியாக ஒரு முயற்சி செய்கிறது. அட்ரினலின் வகை சுரப்புகள் வெள்ளமாகக் கொட்டுகின்றன. பிரஷர் 200-ஐத் தாண்டும். நல்ல இளம் இதயம்கூட அந்த அடியில் சோர்ந்துபோகும். சிறிது நேரத்தில் புயல் ஓய்ந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த மூளையின் கட்டளை இனி இல்லை. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. போதாததற்கு, மூளை வீக்கத்தை வடிக்க முந்தைய நாட்களில் கொடுத்த மானிடால் உடம்பின் நீரை ஏற்கெனவே இறக்கியிருக்கும். தொட்டி வற்றியிருக்கிறது, குழாய் அகன்றிருக்கிறது, மோட்டாரும் களைத்திருக்கிறது. மூன்றில் எது எவ்வளவு என்று பார்க்காமல் கொடுக்கிற மருந்து, ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுக்கும்.

கொடைக்காக உடம்பைக் காத்த இடங்களிலும் அன்று பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. 'நூறு விதி' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். பிரஷர் நூறுக்கு மேல், மணிக்குச் சிறுநீர் நூறு மில்லிக்கு மேல், இரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் நூறுக்கு மேல். மனதில் வைக்க எளிது, அதனால் பல இடங்களில் உதவவும் செய்தது. ஆனால் அந்த நூறைத் தொட ஒரே வழிதான் கைவசம் இருந்தது: சலைனை ஓடவிடு, டோபமினை ஏற்று. அப்போது எடுக்கப்பட்டவை பெரும்பாலும் சிறுநீரகங்கள் மட்டுமே என்பதால், நீர் ஏறினால் நல்லது என்றே பட்டது. நுரையீரல் ஊறி வீணாவதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? மாவுச்சத்திலிருந்து செய்த ஒரு வகை டிரிப்ஸ் பிரஷரைச் சீக்கிரம் தூக்கும் என்று தாராளமாக ஏற்றினார்கள். அது ஏறியவர்களின் சிறுநீரகம் பெற்றவர்களுக்குப் புதுச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று 1996-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். நார்அட்ரினலின் என்றாலே 'கிட்னி போய்விடும்' என்ற பயம் வேறு.

அதிகம் ஏமாற்றியது யூரின் பேக். மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்த சிறுநீர் திடீரென்று குடிதண்ணீர் போலத் தெளியும். மணிக்கு 300, 500 மில்லி என்று பை நிரம்பும். முன்பு அதைப் பார்த்து 'யூரின் நல்லா போகுது' என்று சார்ட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். உண்மையில் அது, நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் மூளையிலிருந்து வருவது நின்றுவிட்டதன் அடையாளம். உடம்பு தன் நீரையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. இரத்தத்தில் சோடியம் 160-ஐ நோக்கி ஏறும். இழந்ததை ஈடுகட்ட உப்புள்ள சலைனையே ஊற்றினால் சோடியம் இன்னும் ஏறும். கல்லீரலுக்கு அது நல்லதல்ல. இன்று அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் பையின் நிறம் மாறும்போதே போனை எடுக்கிறார். "சார், யூரின் தண்ணி மாதிரி வருது, போன அவர்ல நானூறு." அடுத்த சில நிமிடங்களில் சோடியத்துக்கு இரத்தம் போகிறது, டெஸ்மோபிரசினோ வாசோபிரசினோ ஏறுகிறது. இந்த மாற்றம் எந்தப் பெரிய கருவியாலும் வந்ததல்ல.

வாசோபிரசினின் அருமை முதலில் துலங்கியது ஜப்பானில். 1986-ல் ஒசாகா மருத்துவர்கள், மூளைச்சாவடைந்தவர்களுக்கு அட்ரினலினோடு வாசோபிரசினையும் சேர்த்துக் கொடுத்து, இரத்த ஓட்டத்தைச் சராசரியாக 23 நாள் நிலைநிறுத்தினார்கள். அட்ரினலின் மட்டும் கொடுத்தபோது ஓரிரு நாள்தான் தாங்கியது. விட்டுப்போன ஹார்மோனை மிகச் சிறிய அளவில் திருப்பிக் கொடுத்தாலே குழாய்களின் இறுக்கம் திரும்புகிறது, சிறுநீரும் கட்டுப்படுகிறது என்பது இதனால் தெரிந்தது. இன்று பல இடங்களில் டோபமினுக்கு முன்பே இது வருகிறது. நிமிடத்துக்கு 0.04 யூனிட்டைத் தாண்டாத அளவு போதும். அதற்குத் துணையாக, பயந்து ஒதுக்கிய அதே நார்அட்ரினலின், அளவறிந்து. டோபமினையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. 264 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வொன்று 2009-ல் வெளிவந்தது. குறைந்த அளவு டோபமின் பெற்ற கொடையாளர்களின் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களில், திரும்பத் திரும்ப டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் குறைவு என்றது அது.

தைராய்டு ஹார்மோனின் கதை வேறு. 1967-ல் முதல் இதய மாற்று நடந்த கேப் டவுனில், 1980-களில் நோவிட்ஸ்கியும் கூப்பரும் பபூன் குரங்குகளிடம் ஆராய்ந்தார்கள். மூளைச்சாவுக்குப் பின் தைராய்டு ஹார்மோன் சரிவதையும், அதைத் திருப்பிக் கொடுத்தால் சோர்ந்த இதயம் தேறுவதையும் கண்டார்கள். 1995-ல் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனை, தகுதியில்லை என்று ஒதுங்கவேண்டிய 52 கொடையாளர்களில் 44 பேரைத் தேற்றிக் காட்டியது. தைராய்டு, வாசோபிரசின், ஸ்டீராய்டு, இன்சுலின் எல்லாம் கொண்ட அந்தத் தொகுப்பு உலகம் முழுக்கப் பரவியது. நம் ஐசியுக்களிலும் தைராக்ஸின் ஏறாத கொடையாளர் அரிதாக இருந்தார். பிறகு 2023-ல் அமெரிக்காவில் 838 கொடையாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. தைராக்ஸின் பெற்றவர்களில் 54.9 சதவீதம் பேரின் இதயம் பயன்பட்டது, பெறாதவர்களில் 53.2 சதவீதம். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மருந்து பெற்றவர்களிடம் பிரஷர் எகிறுவதும் இதயம் படபடப்பதும்தான் அதிகம். முப்பது ஆண்டுக்கு மேல் நம்பிய ஒன்றை இப்படி நேராகச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். பாப்வொர்த்தில் வேலை செய்தது தைராய்டு அல்ல. இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தங்களை அளந்து, மணிக்கு மணி மருந்தைத் திருத்திய கவனிப்புதான் என்பது என் எண்ணம்.

அந்தக் கவனிப்புதான் இன்று எங்கும் மையம். கைப்பட்டை காட்டும் எண்ணை நம்பாமல், தமனிக்குள் லைன் போட்டு ஒவ்வொரு துடிப்பிலும் பிரஷரைப் பார்க்கிறார்கள். சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகாமல் காக்கிறார்கள். எக்கோவில் இதயம் சோர்ந்திருந்தால் அன்று அதோடு கைவிட்டார்கள். இன்று புயலடித்த சோர்வு தேறட்டும் என்று காத்திருந்து திரும்ப எக்கோ எடுக்கிறார்கள். நாடித்துடிப்பு குறைந்தால் கை பழக்கத்தில் அட்ரோபினுக்குப் போகும். ஆனால் அது தடுக்க வேண்டிய நரம்பின் மையமே இங்கே அடங்கிவிட்டதால் அட்ரோபின் வேலை செய்யாது. நேரே அட்ரினலினுக்குப் போக வேண்டும். இதை அறியாமல் இழந்த நிமிடங்கள் அன்று எத்தனையோ.

மூளைச்சாவை உறுதிசெய்யவும் பிரஷர் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நம் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை அதில் முக்கியமானது. பிரஷர் விழுந்துகொண்டிருந்தால் அதைச் செய்யவே கூடாது. இரண்டு சோதனைக்கும் இடையிலான அந்த ஆறு மணி நேரத்தில் நழுவிப்போன கொடைகள்தான் அதிகம் என்பேன். குடும்பம் மனமுவந்து சம்மதித்தும், அவர்கள் கொடுக்க நினைத்தது கை நழுவிப்போகும்.

குடும்பத்தாரின் குழப்பமும் நியாயமானது. "இறந்துட்டார்னுதானே சார் சொன்னீங்க, அப்புறம் எதுக்குப் புதுசா ஊசி, புதுசா லைன்?" என்று கேட்பார்கள். அன்று இதற்கு மழுப்பலாக ஏதோ சொல்லி அனுப்பினார்கள், சந்தேகம் வளர்ந்தது. நன்றாகப் பயின்ற ஒருங்கிணைப்பாளர் இன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்: "அப்பா, தம்பி இனி திரும்பி வரமாட்டான். அவன் இதயமும் கிட்னியும் இன்னொருத்தர் உடம்புல வேலை செய்யணும்னா, அதுவரைக்கும் பிரஷர் இறங்காம பாத்துக்கணும். அதுக்குத்தான் இந்த மருந்து." உண்மையை முழுதாகச் சொன்ன இடங்களில் சம்மதம் பின்வாங்கியதை நான் அதிகம் பார்த்ததில்லை.

2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024-ல் 268 ஆனது. ஆனால் விபத்தில் தலையடிபட்டவர்கள் பலர் முதலில் வந்து சேர்வது நெடுஞ்சாலையோர அரசு மருத்துவமனைகளுக்குத்தான். மாற்று அறுவை செய்யாத மருத்துவமனைகளும் உறுப்பை எடுத்துக்கொடுக்கப் பதிவு பெறலாம் என்று 2011 சட்டத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. அங்கே ஃப்ரிட்ஜில் வாசோபிரசின் இருக்க வேண்டும், இரவிலும் சோடியம் பார்க்கிற லேப் வேண்டும், அந்த ஒரு கட்டிலுக்கென்று ஒரு சிஸ்டர் வேண்டும். இரவில் டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர், பெரிய மையத்தின் ஐசியு மருத்துவரைப் போனில் பிடித்து 'பிரஷர் நிற்கவில்லை, என்ன செய்யட்டும்' என்று தயங்காமல் கேட்க ஓர் எண் வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் இதைச் செய்துகொடுக்கக் கோடிகள் தேவையில்லை.